மல்லாரிக்கு உரியவர்

பூவாளங்குடி நாகசுரக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எந்த மனிதனுக்கும் மல்லாரி வாசித்தது கிடையாது. கோயிலிலிருந்து சாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. பாட்டு வரிகள் இல்லாத, கேட்டவுடன் முதுகு நிமிர்கிற கம்பீரமான வாசிப்பு. ஒரு முறை ஓர் அமைச்சர் தம் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அதை வாசிக்கச் சொன்னார். "மாப்பிள்ளையை முதல்ல கர்ப்பக்கிரகத்துல கொண்டுபோய் வைங்க. அங்கேயிருந்து கிளம்பி வந்தா வாசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்து வந்தவர் சபாரத்தினத்தின் தகப்பனார். அன்று பட்டினியோடு பதினாறு கிலோமீட்டர் நடந்து வந்த கதையைக் குடும்பத்தில் இன்றும் விருந்து சாப்பிட்ட கதைபோலச் சொல்லிக்கொள்வார்கள்.

ஆகவே, தானே ஓடும் கார் செய்கிற ஆரோகணா மோட்டார்ஸ் என்ற கம்பெனி, தங்கள் கார் கிளம்பும்போது மல்லாரி ஒலிக்க வேண்டும் என்று கேட்டு வந்தபோது, சபாரத்தினம் என்ன சொல்வார் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவருடைய அண்ணன் சோமாஸ்கந்தம் பிள்ளை என்ன சொல்வார் என்பதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

சோமாஸ்கந்தம் பிள்ளைக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. தம் பெயருக்கு முன்னால் வரும் பட்டங்களை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவராக அவர் ஒருவர்தான் இருந்தார். அந்த மூச்சும் போய்விட்டது. முன்பற்கள் விழுந்த பிறகு, வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதடு பிடிக்கவில்லை. நாகசுரம் உறைக்குள் போய் ஆறு வருஷம். தம்பி சபாரத்தினம் ஐம்பது வருஷம் அண்ணனுக்கு இடப்பக்கம் நின்று இரண்டாவது நாகசுரம் வாசித்தவர். அண்ணன் நிறுத்திய அன்றே அவரும் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு குடும்பத்தின் பெயரைக் காப்பது ஒன்றே அவருடைய வேலை. அதற்கு மூச்சு தேவையில்லை. விறைப்பான முதுகு போதும்.

கம்பெனியின் சார்பில் வந்தவள் தர்ஷனா. முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றியதற்காக மட்டும் சபாரத்தினம் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"இன்னைக்கு ரோட்டுல ஓடற எல்லாக் காரும் ஒரே மாதிரிதான் சார் ஓடுது. சட்டம் அப்படி" என்றாள் அவள். "ஒரே வேகம், ஒரே பிரேக், ஒரே இடைவெளி. பேரை மறைச்சுட்டா எந்தக் கம்பெனி வண்டின்னு செஞ்சவனுக்கே தெரியாது."

"அப்ப பேரை மறைக்காம இருங்களேன்" என்றார் சபாரத்தினம்.

அவள் சிரித்துவைத்தாள். "அதனால வண்டிக்கு ஒரு குணம் குடுக்கறோம். பெரிய கலைஞர் ஒருத்தரோட குணம். எப்ப நிக்கணும், எப்ப நகரணும்ங்கற நிதானம். ஐயா கையில சின்னதா ஒரு பட்டை கட்டிப்பாங்க. அவங்க நாடி, மூச்சு, மனசு எப்படி இருக்குங்கறது எல்லாம் அது வழியா வண்டிக்குப் போகும். ஐயா அமைதியா இருந்தா எல்லா வண்டியும் அமைதியா இருக்கும்."

"செத்துப்போன மேதைங்க எத்தனையோ பேர் இருக்காங்களேம்மா. அவங்க எப்பவும் அமைதியாத்தானே இருக்காங்க."

"அவங்களுக்கெல்லாம் வாரிசு அதிகம் சார். கேஸ் போட்டுடறாங்க. ஐயா மக கோலாலம்பூர்ல இருக்காங்க. இங்கே ஐயாவுக்கு நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

ஒருத்தர் என்பதை அவள் குறைவான எண்ணிக்கை என்று நினைத்தது அவளுடைய வயதின் கோளாறு.

மற்றக் கம்பெனிகள் ஏற்கெனவே இந்த வழியில் இறங்கியிருந்தன. வடக்கே ஒரு வயதான சித்தார் மேதையைப் பிடித்தார்கள். அந்தக் கார் கிளம்புவதற்கு முன் முக்கால் மணி நேரம் சுருதி சேர்த்தது. வெளிநாட்டில், இளமையில் ஓட்டல் அறைகளை அடித்து நொறுக்கிய, எண்பது தாண்டிய ஒரு கிதார்க் கிழவரை எடுத்தார்கள். அந்தக் கார் நல்ல ஓட்டல் எதைக் கண்டாலும் அதன் வாசல் கண்ணாடியில் போய் மோதியது. கோயிலைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாத மேதை வேண்டும் என்று தேடித்தான் பூவாளங்குடிக்கு வந்திருந்தார்கள்.

அதுவரை சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த சோமாஸ்கந்தம் கேட்டார்: "நான் வாசிக்க வேணாமா?"

"வேணாம் ஐயா. உங்க பழைய பதிவு இருக்கு. எங்களுக்கு வேண்டியது உங்க நிதானம்தான்."

"சரி" என்றார் அவர்.

சபாரத்தினத்துக்குக் கையிலிருந்த மோர் டம்ளர் சாய்ந்தது. அவள் போகும்வரை பொறுத்திருந்தார். வந்தவர்கள் முன்னால் அண்ணனை எதிர்த்துப் பேசுவது அந்த வீட்டு வழக்கம் இல்லை.

"அண்ணே, செருப்புக் காலோட எவனோ ஏறி உக்காருவான். கையில சிப்ஸ் பொட்டலம் வச்சிருப்பான். அவனுக்கா மல்லாரி?"

"தம்பி, பல்லு போச்சு. மூச்சு போச்சு. ஆனா எப்ப நிக்கணும், எப்ப நகரணும்ங்கறது இன்னும் உள்ள இருக்குடா. ஆறு வருஷமா அதைக் கேட்டு ஒருத்தனும் வரல. பொன்னாடை போர்த்த வரான், போட்டோ புடிக்க வரான். இது கேட்டு வந்துருக்கு."

"அதுக்காக அப்பா பேரை விக்கறதா?"

"நான் விக்கல. சொல்லிக் குடுக்கறேன். வேணும்னா நீ நிபந்தனை போட்டுக்க."

சபாரத்தினம் போட்டார். பூவாளங்குடி முறையில் ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அண்ணன் சொன்னது சொன்னபடி எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதை மாற்றுவதென்றாலும் தன் கையெழுத்து வேண்டும். கம்பெனி வக்கீல்கள் மறு பேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். அதை அவர்கள் நிபந்தனையாக நினைக்கவில்லை, விளம்பர வாசகமாக நினைத்தார்கள். 'கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை' என்று அடுத்த மாதமே பெரிய பெரிய எழுத்தில் போட்டார்கள். படித்தவர்கள் ஏமாறுவது எப்போதும் தாங்களே அச்சடித்த எழுத்தில்தான்.

*

நாற்பது நாள் ஒரு சோதனைக் கார் கோயிலின் நான்கு வீதிகளிலும் சுற்றியது. சோமாஸ்கந்தம் முன்னிருக்கையில் உட்கார்ந்திருப்பார். கார் கேள்வி கேட்கும். அவர் பதில் சொல்வார். சபாரத்தினம் அதில் ஏற மறுத்துப் பக்கத்திலேயே நடந்து வந்தார். அது சாமி ஊர்வலத்தின் வேகத்தில்தான் போனது என்பதால் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

"இங்கே எதற்காக நிற்க வேண்டும்?" என்று கேட்டது கார். படித்த பெண்ணின் குரல்.

"இது நாலு தெரு கூடற சந்தி. சந்தியில சாமி நிக்கும். நாயனக்காரன் ராகத்தை முடிச்சாத்தான் நகரும்."

"எவ்வளவு நேரம்?"

"ராகம் முடியற வரைக்கும்."

"சாமிக்கு அவசரம் இருந்தால்?"

"அவசரம் இருந்தா அது சாமி இல்ல."

சபாரத்தினம் அன்று முதல் தடவையாகக் கார்ப் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார். கேள்வி கேட்கத் தெரிந்திருக்கிறது. அவருடைய மருமகப்பிள்ளைகளில் யாருக்கும் இந்த அளவு தெரியாது.

பன்னிரண்டாம் நாள் அது முக்கியமானதைக் கேட்டது. "மல்லாரி சாமிக்கு மட்டும் என்கிறீர்கள். சாமி வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

சோமாஸ்கந்தம் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் சாமியைத் திரும்பிப் பாத்ததே இல்ல. நாங்க முன்னால போவோம், அது பின்னால வரும். வாசிக்கறவன் திரும்பக் கூடாது. தெருவைப் பாப்பேன். ஒக்காந்தவன் எழுந்திரிப்பான். தோள்ல கிடக்கற துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்குவான். தெரு முழுக்க அப்படி எழுந்துடுச்சுன்னா, பின்னால வரது சாமி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"தெருவைப் பார்த்தால் போதுமா?"

"போதும். தெருவுக்குத் தெரியும்."

முப்பதாம் நாள் வடக்கு வீதியில் ஒரு கிழவர் இறந்துபோனார். கார் வழக்கம்போலக் கிளம்பப் பார்த்தது. சோமாஸ்கந்தம் அதைத் தட்டி நிறுத்தினார். "தெருவுல பிணம் கிடக்கையில சாமி புறப்படாது. எடுத்தப்புறம்தான்." கார் அதையும் குறித்துக்கொண்டது. அன்று மாலை பாடையைத் தூக்கும்வரை அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

*

அறிமுக விழா சென்னையில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. கம்பெனியின் சேர்மன் பட்டு வேட்டி கட்டி, அதன் மேல் பெல்ட் போட்டு, அதன் மேல் கோட்டுப் போட்டு வந்திருந்தார். காரில் ஏறி உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கார் பூனைபோலச் சத்தமில்லாமல் மேடையைச் சுற்றி வந்து நின்றது.

"ஐயா, மல்லாரி வரலையே" என்று தர்ஷனா குனிந்து கேட்டாள்.

"ஏறினது யாரும்மா?" என்றார் சோமாஸ்கந்தம்.

"எங்க சேர்மன்."

"அதான்."

சபாரத்தினம் அன்றுதான் நாலு மாதத்துக்குப் பிறகு அண்ணனோடு சேர்ந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. விதியை மாற்றக் கையெழுத்துக் கேட்டார்கள். சபாரத்தினம் பேனாவைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சரி, விதிப்படியே மல்லாரியை வரவழைப்போம் என்று ஒரு விளம்பரப்பட இயக்குநரை அனுப்பினார்கள். அவர் இருநூறு துணை நடிகர்களை வேட்டி துண்டோடு பஸ்ஸில் கொண்டுவந்து வடக்கு வீதியின் இரண்டு பக்கமும் உட்கார வைத்தார். சேர்மன் காரில் வர வேண்டியது, இவர்கள் எழுந்து துண்டை எடுக்க வேண்டியது. 'ஆக்‌ஷன்' என்றவுடன் இருநூறு பேரும் பட்டாளம்போல ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இருநூறு துண்டும் ஒரே நேரத்தில் இறங்கின. கார் வாயைத் திறக்கவில்லை. ஏழு தடவை எடுத்தார்கள். ஏழாவது தடவை சேர்மனுக்கு வேர்த்து, அவரே துண்டு கேட்டார்.

சோமாஸ்கந்தம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, சொல்லிவச்ச மாதிரி எடுத்தா எப்படி? தெருவுல துண்டு ஒரே நேரத்துல இறங்காது. கிழவன் முதல்ல எழுந்திரிப்பான். சீட்டாடறவன் ஆட்டத்தைக் கவுத்துட்டு அப்புறமா எழுந்திரிப்பான். எவனாவது ஒருத்தன் வாயைப் பொளந்துகிட்டு நின்னுடுவான். பக்கத்துல இருக்கறவங்க இடிச்சாத்தான் அவனுக்கு நினைப்பு வரும். அவனும் எடுத்தாத்தான் தெரு எழுந்ததா கணக்கு. நாப்பது நாளா வண்டிக்கு இதைத்தானே சொன்னேன்."

"ஒருத்தரை லேட்டா எடுக்கச் சொல்லலாமா?" என்றார் இயக்குநர்.

"சொல்லி எடுத்தா அது லேட் இல்லப்பா" என்றார் சபாரத்தினம்.

ஆக, மல்லாரியை விளம்பரப்படுத்தி விற்கப்பட்ட பதினோராயிரம் கார்களில் ஒன்றில்கூட மல்லாரி ஒலிக்கவில்லை. ஆனாலும் விற்றன. ஒவ்வொரு நாற்சந்தியிலும் அந்தக் கார் நின்று, ராகம் முடியும்வரை நகர மறுத்தது. பின்னால் வரிசை கட்டி நின்றவர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு விசாரித்தார்கள். பிறகு வாங்கினார்கள். தன்னால் ஊரைக் காக்க வைக்க முடியும் என்பதைவிடப் பெரிய வசதி ஒரு பணக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? சங்கீதம் தெரியாதவர்களெல்லாம் சந்தியில் கண்ணை மூடித் தலையாட்டப் பழகினார்கள். கம்பெனி இதற்குத் 'தியான நிறுத்தம்' என்று பெயர் வைத்துத் தானே திட்டமிட்டதாகச் சொல்லிக்கொண்டது.

ஒரு காரை மரியாதைக்காகப் பூவாளங்குடி வீட்டு வாசலிலும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சபாரத்தினம் அதில் ஏறவில்லை. நல்ல வெயில் படுகிறது என்று அதன் மேல் பழைய வேட்டியை விரித்து மிளகாய் வற்றல் காயப்போட்டார்.

*

கேடு கைப்பட்டையில் இருந்தது.

சோமாஸ்கந்தம் மத்தியானம் தூங்கினால் பதினோராயிரம் கார்களும் மந்தமாயின. வெயில் காலத்தில் அவருக்கு வயிறு சரியில்லாமல் போனபோது, கோயம்புத்தூரில் கார்கள் எங்கே போவதென்று தெரியாமல் பெட்ரோல் பங்குகளின் கழிவறைப் பக்கமாய் ஒதுங்கின. ஒரு நாள் காலை, அப்பா எந்தத் திருவிழாவில் எந்த ராகத்தை எத்தனை மணி நேரம் வாசித்தார் என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் வந்தது. ஐம்பது வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை வரும் வாக்குவாதம்தான். பத்து நிமிஷத்தில் தர்ஷனாவின் போன் வந்துவிட்டது.

"சார், தயவு செஞ்சு அண்ணாகூட சண்டை போடாதீங்க. கிண்டியில நாப்பது வண்டி ஹாரன் அடிச்சுகிட்டே இருக்கு."

"நான் அவர் தம்பிம்மா. சண்டை போடாம வேற என்ன பண்றது?"

"ஒப்பந்தத்துல இருக்கு சார். அவங்க மனநிலை சமமா இருக்கணும். நாங்க டாக்டர்கிட்டயும் பேசிட்டோம். காப்பி வேணாம். பழைய ரெக்கார்டு கேக்க வேணாம், ரொம்ப உணர்ச்சிவசப்படறாங்க. நியூஸ் வேணாம்."

தன் நிபந்தனைகளைக் கண்ணுக்கு நேரே வைத்துப் படித்த சபாரத்தினம், கம்பெனியின் நிபந்தனைகளைப் படிக்கவில்லை. அடுத்தவர் எழுதியதைப் படிப்பது கௌரவக் குறைவு என்று அப்போது நினைத்திருந்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சுன்னா போட்டதுதான்" என்றார் சோமாஸ்கந்தம். அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று தம்பிக்குத் தெரியும்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் மறுத்துப் பேசவில்லை. அண்ணன் தப்பாகச் சொன்ன வருஷத்தைத் தம்பி தலையாட்டி ஒப்புக்கொண்டார். காப்பிக்குப் பதில் ஏதோ ஒரு தானியக் கஞ்சி வந்தது. "நல்லாருக்கா அண்ணே?" "நல்லாருக்கு தம்பி." ஐம்பது வருஷம் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள், டிக்கெட் கவுண்டரில் வரிசையில் நிற்பவர்கள்போல மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். கார்கள் அருமையாக ஓடின. அந்த ஆண்டின் சிறந்த நிதானத்துக்கான விருது கம்பெனிக்குக் கிடைத்தது.

ஒரு நாள் சோமாஸ்கந்தம், "தம்பி, நீ என்னை ஒரு தடவை திட்டேன்" என்றார்.

"வேணாம் அண்ணே. கிண்டியில ஹாரன் அடிக்கும்."

"அடிக்கட்டுமே" என்றார் அவர். ஆனால் சபாரத்தினம் திட்டவில்லை. குடும்பப் பெயர் ஒரு காகிதத்தில் கையெழுத்தாகக் கிடக்கிறது. அதைத் தன்னால் கெடுக்க முடியாது என்று நினைத்தார். பின்னால் இதை நினைத்து அவர் பலமுறை பல்லைக் கடித்துக்கொண்டார். அவருக்குப் பற்கள் இருந்தன.

*

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை மணி. சபாரத்தினம் கொல்லையில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தர்ஷனா.

"நாங்க சண்டை எதுவும் போடலம்மா" என்றார் அவர் எடுத்தவுடனேயே.

 "சார், எல்லா வண்டியும் ஓரம் கட்டி நின்னுடுச்சு. பதினோராயிரமும்" என்றாள். அவள் குரல் கம்பெனிக் குரலாக இல்லை. "அண்ணாவைக் கொஞ்சம் போய்ப் பாருங்க சார். ஓடாதீங்க. மெதுவாப் போங்க."

சபாரத்தினம் மெதுவாகத்தான் போனார். முற்றத்தில் சாய்வு நாற்காலியில் சோமாஸ்கந்தம் கண்ணை மூடியிருந்தார். கஞ்சி பக்கத்தில் ஆறிப்போயிருந்தது. கைப்பட்டையில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு இல்லை. பத்து அடி தூரத்தில் இருந்த தம்பிக்குத் தெரிவதற்கு முன்னால், அண்ணன் இறந்த செய்தி கன்னியாகுமரி வரை தெரிந்திருந்தது.

அவர் பட்டையைக் கழற்றிக் கஞ்சிக் கிண்ணத்துக்குள் போட்டார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து அழுதார்.

பதினொரு மணிக்குத் தர்ஷனா மறுபடி கூப்பிட்டாள். துக்கம் விசாரித்தாள், உண்மையாகவே விசாரித்தாள். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். "சார், கேக்கக் கூடாது. எப்ப எடுப்பீங்க?"

"எதுக்கும்மா?"

"வண்டிங்க எதுவும் கிளம்ப மாட்டேங்குது. என்னன்னு கேட்டா, 'எடுத்தப்புறம்தான்'னு சொல்லுது. உங்க வீட்டு வாசல்ல நிக்கற வண்டி பாத்துச் சொன்னாத்தான் மத்தது நகருமாம். பாலத்து மேல ஒரு அமைச்சர் மாட்டிகிட்டிருக்கார் சார். சேர்மன் லைன்ல இருக்கார்."

வடக்கு வீதிக் கிழவரின் பாடை சபாரத்தினத்துக்கு நினைவு வந்தது. 

"அண்ணன் மக அபயாம்பாள் கோலாலம்பூர்லேருந்து வரணும். திருச்சியில இறங்க மூணு மணி ஆவும். இங்கே வந்து சேர அஞ்சாயிடும். பொண்ணு மொகம் பாக்காம எடுக்கற வழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது. அமைச்சரை நடந்து போகச் சொல்லு. பட்டினியா இருந்தா இன்னும் விசேஷம்."

*

வாத்தியம் வைக்கலாமா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றார். சாவுக்கு வாசிப்பது அவர்கள் வீட்டில் இல்லை; தகப்பனாருக்கும் வாசிக்கவில்லை. பறையும் வேண்டாம், சங்கு மட்டும் போதும். அபயாம்பாள் வந்து அழுது ஓய்ந்ததும், வெயில் தாழப் பாடையைத் தூக்கினார்கள். அவளுடைய மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றான். சபாரத்தினம் வாசற்படியில் நின்று, யார் எந்தப் பக்கம் தோள் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். துக்க வீட்டிலும் ஒழுங்கு தவறக் கூடாது.

பாடை தெருவில் இறங்கியது. எதிர்வீட்டுத் திண்ணைக் கட்டிலில் படுத்துக்கிடந்த தொண்ணூறு வயது முத்துக்குமரு, யாரும் பிடிக்காமல் எழுந்து நின்று துண்டை எடுத்தார். வாசலில் நின்றவர்கள் எடுத்தார்கள். மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள். டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். ஒருவர் பின் ஒருவராக, முன்னும் பின்னுமாக, வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துண்டுகள் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கின. பெரிய மனிதர்களின் சாவுக்கு யாரோ ஒருவர் இருவர் இப்படிச் செய்வதுண்டு. தெரு முழுவதும் செய்து சபாரத்தினம் பார்த்தது சாமிக்கு மட்டும்தான்.

வாயைத் திறந்தபடி அவர் நின்றுவிட்டார்.

அபயாம்பாள் அவர் முழங்கையை இடித்தாள். "சித்தப்பா, துண்டு."

அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். ஆமாம், துண்டு கிடந்தது. எடுத்து இடுப்பில் சுற்றி முடிந்தார்.

வாசலில் வற்றல் காய்ந்துகொண்டிருந்த கார் மல்லாரியைத் தொடங்கியது.

ஐம்பது வருஷத்துக்கு முந்திய பதிவு. அண்ணனின் நாகசுரம், அதற்கு இடப்பக்கத்தில், அரை மூச்சு பின்னால், அவருடையது. கார் தானாக நகர்ந்து பாடைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. விரித்திருந்த வேட்டியிலிருந்து சிவந்த மிளகாய்கள் தெருவெல்லாம் சிதறின. தோள் கொடுத்தவர்களின் கால்கள் யாரும் சொல்லாமலே அந்த நடைக்கு மாறின.

இடுப்பில் போன் அதிர்ந்தது. தர்ஷனா ஏறக்குறையக் கத்தினாள். "சார், எல்லா வண்டியும் கிளம்பிடுச்சு. ஆனா எல்லாத்துலயும் மல்லாரி வருது. ஆளே இல்லாத வண்டியிலகூட வருது. மனுஷங்களுக்கு வராதுன்னுதானே வச்சிருக்கோம். இது தப்பு சார். இன்ஜினியர்ங்க திருத்தறோம்னு சொல்றாங்க, உங்க கையெழுத்து மட்டும்..."

மூன்று தலைமுறை, ஓர் அமைச்சர், ஒரு சேர்மன், இருநூறு துணை நடிகர்கள். எல்லாரையும் தாண்டி நின்ற விதி அவர் கண் முன்னால், அவர் கட்டிய துண்டாலேயே உடைந்துகொண்டிருந்தது. 

"தப்புதாம்மா" என்றார் சபாரத்தினம். "ஆனா அது எங்க வீட்டுத் தப்பு. நீங்க கை வைக்காதீங்க."

போனை அணைத்துவிட்டு, வேகமாக நடந்து முன்னால் போய்க் காரின் இடப்பக்கத்தில் சேர்ந்துகொண்டார். சந்தி வந்ததும் கார் நின்றது. பாடையும் நின்றது. ராகம் தொடங்கியது. முடியும்வரை யாரும் நகரப்போவதில்லை.

பின்னால் வருவது யார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாசிக்கிறவன் திரும்பக் கூடாது.